தரையை தொடப்போகும் நேரத்தில் மீண்டும் மேலே எகிறிய விமானம்: புயல் காற்றில் விமானி செய்வது என்ன?

சென்னை:-

2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந்தேதி. பெஞ்சல் புயல் கரையை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். மும்பையில் இருந்து வந்த இண்டிகோ விமானம் ஒன்று கொட்டும் மழையில் மீனம்பாக்கம் ஓடுபாதையை நோக்கி இறங்கியது. சக்கரம் தரையை தொடப்போகும் நேரத்தில் பலத்த காற்று அடிக்க, விமானம் ஒரு பக்கமாக ஆடியது. அடுத்த சில வினாடிகளில் மூக்கை தூக்கிக்கொண்டு மீண்டும் வானத்தில் ஏறிவிட்டது.

இந்த வீடியோவை பார்த்து "நூலிழையில தப்பிச்சாங்கப்பா" என்று பதறாதவர்கள் இல்லை. ஆனால் விமானி அன்று செய்தது அவருக்கு சொல்லிக்கொடுக்கப்பட்ட பாடத்தைத்தான்.

எதிர்காற்று நண்பன்

காற்று என்றாலே விமானத்துக்கு ஆபத்து என்று நினைக்க வேண்டாம். எதிரே இருந்து வீசும் காற்று விமானிக்கு நண்பன். இறக்கையை அது தாங்கிப்பிடிக்கும். தரையில் ஓடும் வேகமும் குறையும். அதனால்தான் விமானங்கள் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே ஏறி, இறங்குகின்றன. பரங்கிமலை பக்கமாக தாழ்வாக பறந்து இறங்கும் விமானங்கள், காற்று கிழக்கில் இருந்து வீசினால் மேற்கே அனகாபுத்தூர் பக்கமாக வந்து இறங்குவது இதனால்தான்.

தொல்லை கொடுப்பது பக்கவாட்டு காற்று. கத்திப்பாரா மேம்பாலத்தில் பைக் ஓட்டுபவர்களுக்கு இது புரியும். திடீரென்று ஒரு காற்று வந்து வண்டியை ஓரமாக தள்ளும். பைக்குக்கே அப்படி என்றால், மணிக்கு சுமார் 250 கி.மீ. வேகத்தில் இறங்கும் விமானத்துக்கு?

நண்டு நடை

காசிமேட்டு மீனவர்களை கேட்டால் சொல்வார்கள். நீரோட்டம் இழுக்கும் இடத்தில் படகை கரைக்கு நேராக பிடித்தால் வேறு எங்கோ போய்த்தான் ஒதுங்கும். நீரோட்டத்தை பார்த்து கொஞ்சம் திருப்பி பிடித்தால்தான் நினைத்த இடத்துக்கு வரும்.

விமானியும் அதையேதான் செய்கிறார். விமானத்தின் மூக்கை காற்று வரும் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வார். விமானம் கோணலாக பறந்தாலும் போகும் வழி என்னவோ ஓடுபாதைக்கு நேராகத்தான் இருக்கும். நண்டு நடப்பது போல இருப்பதால் இதற்கு 'நண்டு நடை' என்றே பெயர்.

கடைசி சில வினாடிகளில்தான் கைவரிசை. அப்படியே கோணலாக இறங்கினால் சக்கரங்களுக்கு ஆபத்து. அதனால் காலடியில் உள்ள பெடலை மிதித்து மூக்கை நேராக்குவார். அதே நேரத்தில் காற்று வரும் பக்கத்து இறக்கையை கொஞ்சம் தாழ்த்திப்பிடிப்பார். ரொம்பவும் தாழ்த்தினால் இறக்கை தரையில் உரசிவிடும்.

2008-ம் ஆண்டு மார்ச் 1-ந்தேதி ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இது நடந்தே விட்டது. புயல் காற்றில் இறங்கிய லுப்தான்சா விமானத்தின் இறக்கை நுனி ஓடுபாதையில் உரசியது. விமானி உடனே மேலே ஏறி, வேறு ஓடுபாதையில் பத்திரமாக இறக்கினார். யாருக்கும் காயம் இல்லை.

எவ்வளவு காற்று வரை தாங்கும்?

நம் ஊருக்கு அதிகம் வந்துபோகும் ஏர்பஸ் ஏ320 விமானத்தை, 33 நாட் பக்கவாட்டு காற்றிலும், வீச்சு 38 நாட் வரை எகிறும்போதும் இறக்கி சோதித்து காட்டி இருக்கிறார்கள். 38 நாட் என்றால் சுமார் 70 கி.மீ. வேகம். ஓடுபாதை மழையில் நனைந்திருந்தால் இந்த அளவை குறைத்துக்கொள்வார்கள்.

சீராக வீசும் காற்றை கூட சமாளித்து விடலாம். விட்டு விட்டு அடிக்கும் காற்றுதான் வில்லன். எதிர்காற்று சட்டென்று நின்றுபோனால் இறக்கையை தாங்கும் பலமும் சட்டென்று குறையும். விமானம் 'தொப்'பென்று கீழே இறங்கும். இதற்காகவே விமானிகள் வழக்கத்தை விட கொஞ்சம் கூடுதல் வேகத்தில் வருவார்கள்.

மழை நாளில் "டமால்னு இறக்கிட்டான்" என்று பயணிகள் முணுமுணுப்பது உண்டு. பாவம், அது விமானியின் தவறு அல்ல. மெதுவாக தொட்டால் சக்கரம் தண்ணீர் மேல் வழுக்கும். கொஞ்சம் அழுத்தி இறக்கினால்தான் தரையை பிடிக்கும்.

சந்தேகம் வந்தால் மேலே

இத்தனையும் செய்து விமானம் நேராக வரவில்லை என்றால் விமானி யோசித்துக்கொண்டிருக்க மாட்டார். என்ஜினுக்கு முழு சக்தி கொடுத்து மேலே ஏறிவிடுவார். சக்கரம் தரையை தொட்ட பிறகும் ஏறலாம். வேகத்தை குறைக்க என்ஜினின் எதிர்விசையை போட்டுவிட்டால் மட்டும் ஏறக்கூடாது.

மேலே ஏறினால் எரிபொருள் தீர்ந்துவிடாதா என்ற பயமும் வேண்டாம். இறங்க முடியாமல் போனால் வேறு விமான நிலையத்துக்கு போகவும், அங்கே அரை மணி நேரம் வட்டமடிக்கவும் தேவையான எரிபொருளை கணக்கு போட்டுத்தான் புறப்படுகிறார்கள். சென்னைக்கு வரும் விமானம் பெங்களூருக்கு போய் நிற்பது அப்படித்தான். வீட்டில் சாப்பாடு ஆறிப்போகும், டாக்சிக்காரர் காத்திருப்பார். எரிச்சல்தான்.

நவம்பர் 30-ந்தேதி மதியமே சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. நள்ளிரவுக்கு பிறகுதான் திறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மிச்சாங் புயலின்போது காற்றோடு தண்ணீரும் சேர்ந்துகொண்டது. 2023-ம் ஆண்டு டிசம்பர் 4-ந்தேதி ஓடுபாதையில் வெள்ளம் நின்றதால் விமானங்கள் இறங்கவே வழி இல்லாமல் போனது. மறுநாள் காலையில்தான் மீனம்பாக்கத்தில் மீண்டும் விமான சத்தம் கேட்டது.