ஜிம் மாஸ்டரின் பையில் இருப்பவை

உடற்பயிற்சியைத் தொழிலாகக் கொண்டவர்களின் தோள்பையைத் திறந்தால் ஏறக்குறைய ஒரே சாமான்கள்தான் இருக்கும். மூடி போட்ட ஷேக்கர், புரோட்டீன் பவுடர், சின்ன டப்பாவில் கிரியேட்டின், சுருட்டி வைத்த ரப்பர் பட்டை, துண்டு. போதாததற்கு மணிக்கட்டில் அடி எண்ணும் கடிகாரம். இவற்றில் சிலவற்றுக்குப் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட ஆய்வு இருக்கிறது. சிலவற்றுக்கு விளம்பரம் மட்டும்தான். எது எந்த ரகம் என்பதை டப்பாவின் முன்பக்கம் சொல்லாது. பின்பக்கத்துப் பொடி எழுத்தைத்தான் படிக்க வேண்டும்.

முதல் இடம் புரோட்டீன் பவுடருக்கு. கடைகளில் அதிகம் விற்பது ‘வே’ புரோட்டீன். பால் திரிந்துபோனால் கட்டி தனியாகவும், பச்சை கலந்த மஞ்சள் நீர் தனியாகவும் பிரியுமே, அந்த நீர்தான் இதன் மூலம். பாலில் உள்ள புரதத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் கேசின். அது கட்டியோடு போய்விடும். மீதி 20 சதவீதம் நீரில் தங்கும். 10 லிட்டர் பாலில் ஒரு கிலோ சீஸ் எடுத்தால், சுமார் 9 லிட்டர் இந்த நீர் மிஞ்சும். ஐரோப்பிய, அமெரிக்க சீஸ் ஆலைகள் வெகுகாலம் இதைப் பன்றிகளுக்கு ஊற்றின, வயலில் பாய்ச்சின, ஆற்றில் விட்டன. ஆற்றில் கலந்தபோது நீரிலிருந்த ஆக்சிஜனை அது தின்றுவிட, மீன்கள் செத்து மிதந்தன. சுற்றுச்சூழல் சட்டங்கள் இறுகின. 1970-களில், நுண்துளைச் சவ்வு வழியே நீரை அழுத்திப் புரதத்தை மட்டும் பிடித்து நிறுத்தும் தொழில்நுட்பம் ஆலைகளுக்கு வந்தது. பிடித்த புரதத்தைச் சூடான காற்றில் தெளித்து உலர்த்தினால் பவுடர். சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது டப்பாவுக்குள் ஏறியது இப்படித்தான்.

அந்த நீரில் புரதம் ஒரு சதவீதம்கூட இருக்காது. ஒரு கிலோ பவுடருக்கு ஏறத்தாழ நூறு லிட்டர் வேண்டும். அப்படியானால் வீட்டில் பன்னீர் செய்து வடித்த தண்ணீரைக் குடித்தாலே போதுமே என்று கேட்பவர்கள் உண்டு. பன்னீருக்குப் பாலைக் கொதிநிலை வரை காய்ச்சுகிறோம். அந்தச் சூட்டில் வே புரதத்தில் பெரும்பகுதி கேசினோடு ஒட்டிக்கொண்டு பன்னீருக்குள்ளேயே போய்விடுகிறது. வடிந்த நீரில் மிஞ்சுவது பெரும்பாலும் பால் சர்க்கரையும் உப்புகளும்தான். சப்பாத்தி மாவு பிசைய நன்றாக இருக்கும்.

டப்பாவில் ‘கான்சன்ட்ரேட்’ என்றிருந்தால் பொதுவாக 80 சதவீதம் வரை புரதம், கொஞ்சம் பால் சர்க்கரை. ‘ஐசொலேட்’ என்றால் 90 சதவீதத்தை ஒட்டிய புரதம், பால் சர்க்கரை அநேகமாக இல்லை. தென்னிந்தியர்களில் பெரியவர்கள் பலருக்குப் பால் சர்க்கரை சரியாகச் செரிப்பதில்லை. பவுடர் குடித்த அரை மணியில் வயிறு கடமுடவென்று உருண்டால், பல நேரம் காரணம் இதுதான். அவர்களுக்கு ஐசொலேட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண்போகாது. மற்றவர்களுக்கு அது தேவையில்லாத செலவு.

எவ்வளவு புரதம் வேண்டும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் சாதாரண வாழ்க்கைக்குச் சொல்லும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். எடை தூக்கித் தசை சேர்ப்பவர்களுக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் வரை பலன் தெரிகிறது, அதற்கு மேல் பெரிதாக ஏறுவதில்லை என்பது 2018-ல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில் தெரிந்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு முதல் கணக்கில் 50 கிராம், இரண்டாவதில் 96 கிராம். காலையில் இட்லி, மதியம் சாம்பார் சாதம், இரவில் தோசை என்று ஓடும் வயிற்றில் முதல் எண்ணே சில நாள் இடிக்கும். பவுடருக்குச் சந்தை பிறப்பது இந்த இடைவெளியில்தான். ஆனால் அதே ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள், தசை வளர்க்கப் புரதப் பவுடர் வேண்டாம், உணவிலேயே தேடிக்கொள்ளுங்கள் என்கின்றன.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ வே 2,400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 30 கிராம் ஸ்கூப் 72 ரூபாய். அதில் 24 கிராம் புரதம். கிராமுக்கு 3 ரூபாய். முட்டை ஒன்று 7 ரூபாய் என்றால் 6 கிராம் புரதத்துக்கு அதுதான் விலை. கிராமுக்கு ஒரு ரூபாய் சொச்சம். சோயா உருண்டை 100 கிராமில் 52 கிராம் புரதம். கிலோ 200 ரூபாய் என்றாலும் கிராமுக்கு 40 பைசாவைத் தொடாது. நாமக்கல் முட்டையோடும் மளிகைக் கடைச் சோயாவோடும் விலையில் போட்டி போட எந்த டப்பாவாலும் முடியாது. வேயின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. சீக்கிரம் செரிக்கும், தசை கட்டும் வேலையைத் தூண்டும் லியூசின் என்ற அமினோ அமிலம் அதில் கூடுதல், நாலு முட்டை வேகவைத்து உரிக்கும் நேரத்தில் நாற்பது ஷேக்கர் ஆட்டிவிடலாம். விடிகாலை ஐந்து மணிக்கு ஜிம் கதவைத் திறக்கும் மாஸ்டருக்கு இந்தக் கடைசிக் காரணம் ஒன்றே போதும்.

டப்பாவில் எழுதியிருக்கும் 24 கிராம் உண்மையில் உள்ளே இருக்கிறதா என்பது தனிக் கதை. புரதத்தை நேரடியாக அளப்பது கடினம். 1883-ல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் மதுவடி ஆலை ஆய்வகத்தில் யோஹான் கெல்டால் ஒரு குறுக்குவழி கண்டார். உணவில் உள்ள நைட்ரஜனை அளந்து, 6.25-ஆல் பெருக்கினால் புரதம். இன்றுவரை உலகமெங்கும் புழங்கும் முறை இது. அந்த நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று இந்தச் சோதனைக்குத் தெரியாது என்பதுதான் இதன் ஓட்டை. கிளைசின், டாரின் போன்ற மலிவான அமினோ அமிலங்களைக் கலந்தாலும் எண் ஏறும். 2008-ல் சீனத்தில் குழந்தைப் பால்பவுடரில் மெலமைன் கலந்தவர்கள் நுழைந்ததும் இதே ஓட்டை வழியாகத்தான். எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன் கொண்ட அந்த ரசாயனத்தால் சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன, ஆறு குழந்தைகள் இறந்தன. இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதப் பொருள்களைக் கேரளத்துக் கல்லீரல் மருத்துவர் தலைமையிலான குழு சோதித்து 2024-ல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 70 சதவீதத்தில் புரத அளவு டப்பாவில் போட்டபடி இல்லை.

சோதனைக்கூடம் இல்லாதவர் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனாலும் உண்டு. சேர்மானப் பட்டியலில் எடை அதிகமுள்ளது முதலில் வர வேண்டும் என்பது சட்டம். அங்கே வேக்குப் பக்கத்திலேயே கிளைசினோ டாரினோ தென்பட்டால் டப்பாவை அலமாரியில் திருப்பி வைத்துவிடலாம். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் பேட்ச் எண்ணும் இருக்க வேண்டும். போட்டிகளில் ஆடுபவர்களுக்கு இன்னொரு படி இருக்கிறது: தடைசெய்த மருந்து கலக்கவில்லை என்று ஒவ்வொரு பேட்ச்சையும் வெளி ஆய்வகம் சோதித்த முத்திரை. ஊக்கமருந்து விதிகளில் ‘எனக்குத் தெரியாமல் கலந்திருந்தது’ என்ற பேச்சு வீரரை எளிதில் காப்பாற்றாது.

ஒல்லியாக இருக்கும் பையன்களுக்கென்றே விற்கும் ‘வெயிட் கெயினர்’ டப்பா பார்க்க வாளி மாதிரி இருக்கும். பின்பக்கத்தில் 100 கிராமுக்கான கட்டத்தைப் பார்த்தால், பலவற்றில் மாவுச்சத்து எழுபதைத் தாண்டும், புரதம் இருபதைத் தொடாது. அந்த மாவுச்சத்தில் பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது சர்க்கரை போல வேகமாக ரத்தத்தில் ஏறும் மாவு. ஒரு டம்ளர் பால், இரண்டு வாழைப்பழம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது, வாளி விலையில்.

இதற்கு நேர் எதிர் கிரியேட்டின். விலை குறைவு, பெயர் கெட்டது, ஆதாரம் அதிகம். 1832-ல் பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரோல் இறைச்சிச் சாற்றில் கண்டெடுத்தது இது. இறைச்சிக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வைத்தார். வேட்டையில் ஓடி ஓடிச் செத்த காட்டு நரியின் தசையில், கூண்டில் வளர்ந்த நரியின் தசையில் இருப்பதைப்போலப் பத்து மடங்கு கிரியேட்டின் இருந்ததை 1847-ல் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் எழுதினார். முழு முயற்சியில் ஓடும்போதோ எடை தூக்கும்போதோ தசை செலவழிக்கும் எரிபொருள் சில நொடிகளில் தீர்ந்துவிடும். அதை உடனே மீட்டு நிரப்புவது கிரியேட்டினின் வேலை. எட்டு முறை தூக்க முடிந்தவர் ஒன்பதாவது முறையும் தூக்குவார். மாதக்கணக்கில் அது தசையாகச் சேரும். வாயால் சாப்பிட்டால் தசையில் இருப்பு கூடும் என்று 1992-ல் ஆய்வாளர் ஹாரிஸின் குழு காட்டிய பிறகுதான் விளையாட்டு உலகம் விழித்தது.

உடல் தானாக நாளுக்கு ஒரு கிராம் அளவு செய்துகொள்கிறது. இறைச்சி, மீனிலிருந்து இன்னும் கொஞ்சம் வருகிறது. சைவம் சாப்பிடுபவர்களின் தசையில் இருப்பு குறைவு, அதனால் அவர்களுக்குப் பலன் கூடுதலாகத் தெரியும். கடையில் விற்பது ஆலையில் ரசாயன முறையில் செய்தது. இறைச்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை. நாளுக்கு 3 முதல் 5 கிராம் போதும். முதல் வாரங்களில் ஒன்றிரண்டு கிலோ ஏறுவது தசைக்குள் சேரும் தண்ணீர். முடி கொட்டும் என்ற பயத்துக்கு வேர், 2009-ல் தென்னாப்பிரிக்காவில் 20 ரக்பி வீரர்களிடம் நடந்த ஒரு சிறு ஆய்வு. அதில் ஒரு ஹார்மோன் அளவு கூடியது; முடியை யாரும் எண்ணவில்லை. இன்னொரு குழப்பம் ரத்தப் பரிசோதனையில் வரும். கிரியேட்டின் சிதைந்தால் கிரியேட்டினின். சிறுநீரகத்தின் நிலையைக் கணிக்க ஆய்வகம் பார்ப்பதும் அதே கிரியேட்டினின்தான். சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் எண் சற்று ஏறிக் காட்டலாம். பரிசோதனைக்குப் போகும்போது டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் கிரியேட்டினோ புரோட்டீன் பவுடரோ தாங்களாகத் தொடங்கக் கூடாது.

‘பிரீ ஒர்க்கவுட்’ பவுடரின் முக்கியச் சரக்கு காபியில் இருக்கும் கஃபீன். காதும் கன்னமும் குறுகுறுவென்று ஆவதை ‘ஏறுது’ என்று பையன்கள் சொல்வார்கள். அது பீட்டா அலனின் தோல் நரம்புகளைத் தூண்டுவதால் வருவது, பலத்தின் அடையாளம் இல்லை. தனியாக விற்கும் பி.சி.ஏ.ஏ. அமினோ அமிலங்கள் வேயிலேயே நான்கில் ஒரு பங்கு இருக்கின்றன. கொழுப்பைக் கரைப்பதாக விற்பவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவற்றில் சிலவற்றில் இருக்கும் செறிவான கிரீன் டீ சாறு கல்லீரலைப் பதம் பார்த்த சம்பவங்கள் மட்டும் நினைவில் இருக்கட்டும்.

வியர்வைக்கு ஈடான பானம் என்ற வியாபாரம் 1965-ல் புளோரிடா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்காக ராபர்ட் கேட் கலக்கிய உப்பு, சர்க்கரைத் தண்ணீரில் தொடங்கியது, கேட்டரேட் அதுதான். ஒரு மணி நேரத்துக்குக் குறைந்த பயிற்சிக்குப் பச்சைத் தண்ணீரே போதும். அதற்கு மேல் வெயிலில் ஓடுபவர் முக்கியமாக இழப்பது சோடியம். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. அந்தக் கணக்கில் உப்புப் போட்ட நீர்மோர் ஒரு படி மேல். வயிற்றுப்போக்குக்கான ஓ.ஆர்.எஸ். வேறு பொருள்: உலகச் சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, கூடவே பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். இனிப்புப் பானங்கள் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போட்டுக்கொள்வதை 2025-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடுத்தது.

பையில் மீதமிருப்பவை சாதாரணப் பொருள்கள். கைக்குப் பூசும் வெள்ளைக் கட்டி கரும்பலகைச் சாக்பீஸ் இல்லை, மெக்னீசியம் கார்பனேட். ஈரத்தை உறிஞ்சிப் பிடியைக் கொடுக்கும். அதற்குப் பதில் முகப் பவுடரைப் பூசினால் கம்பி வழுக்கும். ஷேக்கரில் முதலில் தண்ணீர், பிறகு பவுடர். மாற்றிப் போட்டால் அடியில் களிபோல ஒட்டிக்கொண்டு கம்பிப் பந்துக்கும் அசையாது. குடித்த கையோடு கழுவ வேண்டும். மூடியோடு ஒரு ராத்திரி வண்டிப் பெட்டியில் கிடந்த ஷேக்கரைக் காலையில் திறந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கடிகாரம் காட்டும் 10,000 அடி இலக்கு ஆய்வில் பிறந்த எண் இல்லை. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவிக்கு ‘மான்போ-கெய்’ என்று பெயர். பொருள், பத்தாயிரம் அடி அளவி. பெயரே இலக்காகிவிட்டது. சராசரி வயது 72 ஆன அமெரிக்கப் பெண்களிடம் நடத்தி 2019-ல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 4,400 அடியிலேயே இறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்தது. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. ஏழு கைக்கருவிகளை 2017-ல் ஸ்டான்ஃபோர்டில் சோதித்தபோது, ஆறில் இதயத் துடிப்பு 5 சதவீதப் பிழைக்குள் வந்தது. எரித்த கலோரியிலோ மிகச் சிறந்த கருவியே 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். ஓடி முடித்ததும் கடிகாரம் 400 கலோரி என்று காட்டினால், அதை நம்பி டீக்கடையில் வடை எண்ணிக்கையைக் கூட்டுவதற்கில்லை.