ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து கீழ்ப்பாக்கத்துக்கு 364 மணி

எங்கள் பக்கம் 'பார்டர்லைன்' என்றால் சர்க்கரை. சோற்றைக் குறைத்தால் சரியாகிவிடும். மனநல மருத்துவர் 'பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு' என்று அதே சொல்லைச் சொன்னாலும் வீட்டார் பாதி நிம்மதியோடுதான் கேட்கிறார்கள். பார்டர்தானே!

இந்தப் பெயரை 1938இல் எழுதிவைத்தவர் அடால்ஃப் ஸ்டெர்ன். அமெரிக்க மனநலக் கையேட்டில் அது ஏறியது 1980இல். இன்றைய விதிப்படி 9 அறிகுறிகளில் 5 இருந்தால் போதும். எத்தனை விதமாக 5 சேரும்? ஐந்தும் அதற்கு மேலும் கூட்டினால் 126+84+36+9+1, ஆக 256. ஒரே பெயர் வாங்கிய இருவருக்குள் ஒரே ஒரு அறிகுறி மட்டும் பொதுவாக இருக்கலாம். அப்படியானால் இது ஒரு நோயா என்பதுதான் சண்டை. உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆம் பட்டியல் (2022 முதல் நடைமுறை) லேசு, நடுத்தரம், கடுமை என்று படிகளை வைத்தது. 'பார்டர்லைன்' துணைக்குறிப்பாக ஒட்டிக்கொண்டது.

மாத்திரைப் பக்கம் வரவு குறைவு. பிரிட்டனில் 276 பேரிடம் ஓராண்டு லாமோட்ரிஜின் சோதனை நடந்தது. 2018இல் வந்த முடிவு, பயனில்லை. ஆனால் மேரி ஜனரினி நடத்திய ஆய்வில் 290 பேரைப் பத்தாண்டு தொடர்ந்து பார்த்தபோது, 93 விழுக்காட்டினருக்கு அறிகுறிகள் இரண்டு ஆண்டாவது அடங்கியிருந்தன. வேலை, உறவு என்று முழுதாக மீண்டவர்கள் பாதிப்பேர்.

பேச்சு சிகிச்சைக்குத்தான் ஆதாரம் அதிகம். மார்ஷா லைனஹன் வகுத்த முறையில் வாரம் 1 மணி தனியாக, 2.5 மணி குழுவாக. 52 வாரத்துக்கு 182 மணி. தனியாரிடம் மணிக்கு 1,500 ரூபாய் என்று வைத்தால், தனி அமர்வு மட்டும் 78,000.

அரசு மருத்துவமனை என்றால் 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம். (ராஜகீழ்ப்பாக்கத்துக்காரன் ஊர் பெயர் சொன்னாலே கேலி கிளம்பும்.) அது இருக்கும் தெரு மேடவாக்கம் டேங்க் ரோடு; பெயரில்தான் எங்களுக்குப் பக்கத்து ஊர். அங்கே இந்தச் சிகிச்சை வாரம் இருமுறை கிடைப்பதாகவே வைத்துக்கொள்வோம். தாம்பரத்தில் ரயில் ஏறி எழும்பூரில் இறங்கி, போய்வர 3.5 மணி. 104 முறைக்கு 364 மணி, சிகிச்சையைப் போல நேர் இரட்டை. ரயிலுக்கு 2,080 ரூபாய்தான்.

கூட வரும் அம்மா அரசு ஊழியர் என்றால் தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12. குழு அமர்வைச் சனிக்கிழமைக்குத் தள்ளினாலும் 52 வேலைநாள். இன்னும் 40 நாள் எங்கிருந்து எடுப்பார்?