வெட்கம் கட்டியைப் பெருப்பிக்கும்

வெங்காயத் தறையில் களை பிடுங்கக் குந்திய தாய் ஒருத்தி சட்டென எழும்புகின்றாள். மூன்று நாட்களாகப் பெண்ணுறுப்பின் ஓரத்தில் ஒரு கட்டி. நடந்தாலும் நோ, இருந்தாலும் நோ. கணவனிடம் சொல்ல வெட்கம். ஒரே கொட்டிலில் மாமியும் பிள்ளைகளும் இருக்கையில், என்னவென்று தானே பார்க்கவும் மறைவிடம் இல்லை. இப்படி வாய்மூடிச் சகிக்கும் தாய்மார் நம் மத்தியில் உண்டு. அவர்களுக்காகவும் அவர்களது கணவன்மாருக்காகவும் இதை எழுதுகின்றோம்.

ஏன் வருகின்றது?

யோனி வாசலின் இரு பக்கமும் பட்டாணிக் கடலையளவில் ஒவ்வொரு சுரப்பி உண்டு. டென்மார்க் நாட்டவரான கஸ்பர் பார்த்தோலின் 1677இல் இவற்றை விவரித்ததால் அவரது பெயரே வழங்குகின்றது. இச்சுரப்பியின் குழாய் அடைபட்டால் நீர் தேங்கி, ஒரு பக்கத்தில் உருண்டை தோன்றும். கிருமி சேர்ந்தால் அது சீழ்கட்டி, சிவந்து, கடுமையாக வலிக்கும். நூறு பெண்களில் ஏறத்தாழ இருவருக்கு வாழ்நாளில் இது வரலாம்.

மயிர்க்கால்களிலும் சிறு கட்டிகள் வரும். பிளேட்டால் மழித்தல், வியர்வை, ஈர உடுப்புடன் நெடுநேரம் இருத்தல் என்பன காரணங்கள்.

பெரும்பாலும் இவற்றை உண்டாக்குபவை நம் குடலிலும் தோலிலும் உள்ள சாதாரண கிருமிகளே. ஆகவே கட்டி கண்டதும் ஒரு பெண்ணின் ஒழுக்கத்தைச் சந்தேகிப்பது அநியாயம். ஆயினும் சில வேளைகளில் பாலியல் தொற்றும் காரணமாகலாம். கொத்தாகக் கொப்புளங்களோ புண்களோ கண்டால், துர்நாற்றத்துடன் வெள்ளை பட்டால், கணவனும் மனைவியும் சேர்ந்தே வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை

• கொதித்தாறிய நீரை, கை பொறுக்கும் சூட்டில் அகன்ற பேசினில் விட்டு, 10 முதல் 15 நிமிடம் அதில் இருங்கள். நாளுக்கு 3 அல்லது 4 தடவை செய்யலாம். தண்ணீர் போதாதெனில் சுத்தமான துணியைச் சுடுநீரில் நனைத்துப் பிழிந்து ஒத்தடம் கொடுங்கள்.
• தளர்வான பருத்தி உடுப்பு அணியுங்கள். உள்ளாடையை மறைவாக ஈரத்துடன் வைக்காமல் வெயிலில் காயவிடுங்கள்.
• நோவுக்குப் பரசிற்றமோல் போதும்.
• கட்டியைப் பிதுக்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். தேசிக்காய், சுண்ணாம்பு, கிருமிநாசினி எதுவும் பூசாதீர்கள்.

வைத்தியசாலைக்கு எப்போது?

காய்ச்சல், நடக்க முடியாத நோ, பரவும் சிவப்பு, சிறுநீர் கழிக்க இயலாமை, இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே செல்லுங்கள். கர்ப்பிணிகளும் நீரிழிவு உள்ளவர்களும் தாமதிக்கவே கூடாது. ஏனையோருக்கு மூன்று நான்கு நாட்களில் குறையாவிட்டால் காட்ட வேண்டும். 40 வயதின் பின் புதிதாகத் தோன்றும் கட்டியை, நோ இல்லாவிடினும் கட்டாயம் காட்டுங்கள். அரிதாகப் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

வைத்தியர் விறைக்கச் செய்து சிறிது கீறிச் சீழை அகற்றுவார். சீழ் வெளியேறியதுமே நோ வெகுவாகத் தணியும். மீண்டும் மீண்டும் வந்தால் சிறிய சத்திரசிகிச்சை உண்டு. நீரிழிவு உள்ளதா எனவும் சோதிப்பார்கள். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குப் பணம் தேவையில்லை. தனியே செல்லத் தயங்கினால் முதலில் குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள். சோதிக்கும்போது பெண் தாதி ஒருவர் அருகில் நிற்கும்படி கேட்கலாம்.

கணவன்மாரே, மாட்டின் மடியில் வீக்கம் கண்டால் அன்றே வைத்தியரைத் தேடி ஓடுகின்றோம். மனைவி குந்த முடியாமல் தவிக்கும்போது, "என்ன நோ?" என்று மெதுவாகக் கேளுங்கள். பேசினுக்குச் சுடுநீர் வையுங்கள். மறைப்புக்கு ஒரு சேலையைக் கட்டிவிடுங்கள். அவள் சொல்லத் தொடங்கினாலே பாதிச் சுமை இறங்கிவிடும்.