வங்காள விரிகுடாவின் ஆக்சிஜன் குறைவு வலயத்தில் பாக்டீரியாக்களும் நைட்ரஜன் இழப்பும்

முன்னுரை

வளிமண்டலத்தில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன் வாயுவாக இருப்பினும், கடலின் மிதவைத் தாவரங்களுள் பெரும்பாலானவை அதனை நேரடியாகப் பயன்படுத்த இயலாதவை. நைட்ரேட்டு, அம்மோனியம் போன்ற சேர்மங்களே அவற்றுக்கு உரமாகின்றன. இச்சேர்மங்கள் மீண்டும் நைட்ரஜன் வாயுவாக மாறினால் கடலின் வளம் குன்றும். கடலில் நிகழும் இத்தகைய இழப்பில் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேல், திறந்த கடலின் ஆக்சிஜன் குறைவு வலயங்களில் நிகழ்வதாக மதிப்பிடப்படுகிறது. அரபிக் கடலில் பெருமளவில் நிகழும் இவ்விழப்பு, அதே அட்சரேகைகளில் அமைந்த வங்காள விரிகுடாவில் மிகக் குறைவாக இருப்பதன் காரணத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

வலயம் உருவாகும் முறை

கடலின் மேலடுக்கில் உருவாகும் கரிமப் பொருள் கீழே அமிழும்போது பாக்டீரியாக்கள் அதனைச் சிதைக்கின்றன. இச்சிதைவில் ஆக்சிஜன் செலவாகிறது. ஒளி எட்டாத ஆழத்தில் ஒளிச்சேர்க்கை நிகழாமையால், செலவான ஆக்சிஜனை நீரோட்டமும் கலப்புமே ஈடுசெய்ய வேண்டும். வங்காள விரிகுடாவில் பருவமழையும், கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி முதலிய ஆறுகள் கொணரும் நன்னீரும் உவர்ப்புக் குறைந்த மேலடுக்கை உருவாக்குகின்றன. அடர்த்தி குறைந்த இவ்வடுக்கு கீழுள்ள நீருடன் எளிதில் கலப்பதில்லை. எனவே சில நூறு மீட்டர் ஆழத்தில் ஆக்சிஜன் மிகவும் அருகிவிடுகிறது.

நைட்ரஜன் நீங்கும் இரு வழிகள்

முதலாவது, நைட்ரஜன் நீக்கம். ஆக்சிஜன் கிடைக்காத நிலையில் சில பாக்டீரியாக்கள் சுவாசத்திற்கு நைட்ரேட்டைப் பயன்படுத்துகின்றன. அது நைட்ரைட்டு, நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஸ் ஆக்சைடு எனப் படிப்படியாக ஒடுக்கமடைந்து இறுதியில் நைட்ரஜன் வாயுவாகிறது. இடையில் வெளியேறும் நைட்ரஸ் ஆக்சைடு ஆற்றல்மிக்க பசுமைக்குடில் வாயுவாகும்.

இரண்டாவது, அனம்மாக்ஸ் எனப்படும் ஆக்சிஜனற்ற அம்மோனியம் ஆக்சிஜனேற்றம். இதில் அம்மோனியமும் நைட்ரைட்டும் இணைந்து நைட்ரஜன் வாயு உண்டாகிறது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1990களில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆய்வின்போது கண்டறியப்பட்ட இவ்வினை, 2003இல் கருங்கடல் நீரிலும் நிகழ்வது எடுத்துக்காட்டப்பட்டது. இவ்விரு வழிகளுக்கும் நைட்ரைட்டு இன்றியமையாதது.

நைட்ரைட்டுக்கான போட்டி

அரபிக் கடலின் ஆக்சிஜன் குறைவு வலயத்தில் நைட்ரைட்டு திரண்டு காணப்படுகிறது. வங்காள விரிகுடாவில் அவ்வாறு திரள்வதில்லை. இவ்வேறுபாட்டின் பொருளை லாரா பிரிஸ்டோவும் அவர்தம் குழுவினரும் 2017இல் நேச்சர் ஜியோசயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு தெளிவுபடுத்தியது. நைட்ரஜன் நீக்கத்தையும் அனம்மாக்ஸையும் நிகழ்த்தவல்ல நுண்ணுயிரிகள் அங்கும் உள்ளன என அவ்வாய்வு காட்டியது. ஆகவே இழப்பு குறைந்திருப்பதற்கு நுண்ணுயிரிகள் இல்லாமை காரணமன்று.

வழக்கமான வேதியியல் முறைகளில் ஆக்சிஜன் அறவே இல்லை எனத் தோன்றிய அந்நீரில், நுண்ணுணர்வு மிக்க உணரிகள் 10 முதல் 200 நானோமோலார் வரை ஆக்சிஜன் தொடர்ந்து இருப்பதைக் காட்டின. மேற்பரப்பு நீரில் ஏறத்தாழ 200 மைக்ரோமோலார் ஆக்சிஜன் உண்டு எனக் கொண்டால், இது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதனினும் குறைவு. எனினும், நைட்ரைட்டை நைட்ரேட்டாக ஆக்சிஜனேற்றம் செய்யும் பாக்டீரியாக்களுக்கு இச்சிறு அளவே போதுமானது என அவ்வாய்வாளர்கள் கருதுகின்றனர். நைட்ரைட்டின் பெரும்பகுதியை அவை நைட்ரேட்டாக மாற்றிவிடுவதால், வாயுவாக்கும் பாக்டீரியாக்களுக்கு அது போதிய அளவில் எஞ்சுவதில்லை. இவ்வாறு நைட்ரஜன் கடலிலேயே தங்குகிறது.

முடிவுரை

வங்காள விரிகுடாவின் நைட்ரஜன் வளத்தை நானோமோலார் அளவிலான ஆக்சிஜன் காத்துவருகிறது என்பது மேற்கண்ட விளக்கத்தால் புலனாகிறது. இக்காப்பு உறுதியானதன்று. கடல்நீர் வெப்பமடையுந்தோறும் அதில் ஆக்சிஜன் கரையும் அளவு குறைகிறது. நீரடுக்குகளின் கலப்பும் தளர்கிறது. வேளாண் நிலங்களிலிருந்து ஆறுகள்வழி வந்துசேரும் உரச்சத்து, கரிமப் பொருளைப் பெருக்கி ஆக்சிஜன் செலவை மிகுவிக்கக்கூடும். எஞ்சியுள்ள ஆக்சிஜனும் தீர்ந்துபோகுமாயின், அங்கு நிகழும் நைட்ரஜன் இழப்பு உலகளாவிய முக்கியத்துவம் பெறும் அளவுக்கு உயரலாம் என்று அவ்வாய்வு எச்சரிக்கிறது. அதற்கான நுண்ணுயிரிகள் அந்நீரில் ஏற்கெனவே உள்ளமையால் அம்மாற்றத்திற்குப் புதிய உயிரினம் எதுவும் வந்துசேர வேண்டியதில்லை. ஆதலின், நானோமோலார் அளவை உணரவல்ல கருவிகளைக் கொண்டு இவ்வலயத்தைத் தொடர்ந்து கண்காணிப்பது இன்றியமையாததாகும்.