மஞ்சள் கரை மறைவது ஏன்?
இலைத்துண்டு நட்டு ஏமாற வேண்டாம்

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் கரும்புக் கரணையும் மரவள்ளிக் குச்சியும் நட்டுப் பழகாத விவசாயி இல்லை. தாய் எப்படியோ பிள்ளையும் அப்படியே வரும் என்பது அவர்கள் அனுபவம். அந்த நம்பிக்கையோடு அலங்காரச் செடி நாற்றங்கால் தொடங்குவோர் முதலில் ஏமாறுவது 'ஸ்நேக் பிளாண்ட்' செடியில்தான்.

மருள் இனத்தைச் சேர்ந்த இச்செடியில் 'லாரென்டி' என்னும் ரகத்துக்கு இலையின் இரு ஓரங்களிலும் மஞ்சள் கரை ஓடும். அந்தக் கரைக்காகவே மக்கள் இதை விரும்பி வாங்குகின்றனர். இலையை 3 அங்குலத் துண்டுகளாக நறுக்கி மணலில் செருகினால் வேர் விடும். சில மாதங்களில் கன்றும் வரும். ஆனால் கன்றில் மஞ்சள் கரை இராது. எல்லாம் வெறும் பச்சை! அத்தனை மாத உழைப்பும் வீண்.

இதற்குக் காரணம், ஒரே இலையில் இருவகைத் திசுக்கள் ஒட்டி வளர்வதுதான். நடுவில் பச்சைத் திசு. ஓரத்தில் பச்சையம் குறைந்த திசு. தாவர நூலார் இதனைக் 'கைமிரா' என்பர். இலைத்துண்டில் புதுக் குருத்து பச்சைத் திசுவிலிருந்தே கிளம்புவதால் கரை விட்டுப்போகிறது.

கிழங்கைப் பிரித்து நடுவதே சரியான முறை. மண்ணுக்குள் ஓடும் கிழங்கின் குருத்தில் இருவகைத் திசுவும் இருக்கும். வேரும் இலைக்கொத்தும் சேர்ந்திருக்குமாறு கூரிய கத்தியால் வெட்டி, 2 நாள் நிழலில் ஆறவிட்டு, மணல் கலந்த மண்ணில் நட வேண்டும். கன்றுகள் குறைவாகவே கிடைக்கும். ஆனால் கரை மாறாது.

மணி பிளாண்டுக்குக் கரும்பின் பாடமே பொருந்தும். பரு இல்லாத கரணை முளைக்காது. கணு இல்லாத கொடித்துண்டும் அப்படியே. பச்சையும் மஞ்சளும் அளவாகக் கலந்த கணுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முழு வெள்ளைத் தளிர் உணவு தயாரிக்க முடியாமல் மடியும். முழுப் பச்சைக் கிளையோ வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கிவிடும். கண்டவுடன் நறுக்கிவிட வேண்டும். நல்ல வெளிச்சம் தேவை. உச்சி வெயில் ஆகாது.

குரோட்டன்ஸில் இத்தொல்லை குறைவு. விண்பதியமும் தண்டுக் குச்சியும் தாயின் நிறத்தையே தரும். விதைக் கன்றில் நிறம் மாறும்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர் பகுதிகள் சமவெளியைவிடக் குளிர்ச்சியானவை. அங்கு மழைக்காலத்தில் ஸ்நேக் பிளாண்ட் கிழங்கைப் பிரித்தால் அழுகிப் போகும். மழை ஓய்ந்த பின் பிரிப்பதும், தொட்டியில் நீர் தேங்காமல் பார்ப்பதும் நல்லது.

ஓர் எச்சரிக்கை. மரவள்ளி இலையில் மஞ்சள் திட்டு விழுந்து, இலை சுருங்கிக் கோணினால் அது அழகல்ல, தேமல் நோய். வெள்ளை ஈயாலும், நோய் கண்ட குச்சியாலும் பரவும். அக்குச்சியை நடவுக்கு எடுக்கலாகாது. அலங்காரச் செடியின் கரை நோயல்ல. தாயிடமிருந்து கவனமாகப் பிரித்து எடுக்க வேண்டிய சொத்து.