கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டுங்கள்

முகூர்த்த மாதம் வந்துவிட்டால் கும்பகோணத்து டிடிபி கடைகளில் ஒரே கீபோர்டில் நாலு பேர் மாறி மாறிப் பத்திரிகை அடிப்பார்கள். அப்படி ஒன்றைக் கவிழ்த்துத் தட்டியபோது நான் பார்த்தவை: நெற்றியிலிருந்து உதிர்ந்த திருநீறு, பக்கோடாத் துணுக்கு, நாலைந்து முடி, அறுவடை நேரமாதலால் கொஞ்சம் உமித்தூசி. உங்கள் வீட்டுக் கீபோர்டையும் ஒருமுறை தட்டிப் பாருங்களேன்.

தட்டுமுன் வயரைப் பிடுங்கிவிடுங்கள். லேப்டாப் என்றால் அணைத்து, சார்ஜரையும் எடுத்துவிடுங்கள். தட்டியதில் விழாததை மெல்லிய பிரஷால் தள்ளுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில்தான் தெறிக்கும்.

தூசி போனால் கிருமியும் போய்விடாதா? போகாது. ஆனால் பிசுக்கு இருக்கும்வரை கிருமிநாசினியும் சரியாக வேலை செய்யாது. ஆகவே சோப்புத் தண்ணீரில் நனைத்து ஒட்டப் பிழிந்த துணியால் முதலில் துடைத்துவிடுங்கள்.

அடுத்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் (சீக்கிரம் ஆவியாகும் கிருமிநாசினித் திரவம்). 70 சதவீதம் என்று பார்த்து வாங்குங்கள். 99 சதவீதம் இன்னும் நல்லதில்லையா? இல்லை. அது கிருமி சாகுமுன் ஆவியாகிவிடும். கூடக் கலந்த தண்ணீர்தான் அதை நின்று வேலை செய்ய வைக்கிறது. துணியில் விட்டுத் துடையுங்கள், கீபோர்டில் நேராகத் தெளிக்காதீர்கள். அரை நிமிடமாவது ஈரம் நிற்கட்டும். எளிதில் தீப்பிடிக்கும் சரக்கு. பக்கத்தில் ஊதுவத்தி எரிந்தால் அணைத்துவிடுங்கள்.

கைக்குப் போடும் சானிடைசர் போதாதா? அதில் கிளிசரின் கலந்திருக்கும், விசைகள் பிசுபிசுக்கும். பிளீச்சிங் பவுடரோ எழுத்தையே வெளுத்துவிடும்.

தமிழ் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அழுத்தித் தேய்க்காதீர்கள், பசை இளகும். தமிழ்99 (1999இல் தமிழக அரசு ஏற்ற விசை அமைப்பு) முறையில் 'எஃப்' விசைதான் புள்ளி. என் கீபோர்டில் எழுத்து முதலில் தேய்ந்ததும் அதில்தான்.

சரி, டிகிரி காபி கொட்டிவிட்டால்? துணி தேடி ஓடாதீர்கள். முதலில் வயரைப் பிடுங்கி, கீபோர்டைக் கவிழ்த்து வையுங்கள். வெறும் தண்ணீர் என்றால் காய்ந்துவிடும். காபியில் இருக்கும் சர்க்கரை காய்ந்து பசையாகும், பால் நாறும், மறுநாள் எறும்பு வரிசை கட்டும். கடைகளில் கிடைக்கும் விலை குறைந்த கீபோர்டுகள் பெரும்பாலும் சவ்வு வகை (விசைகளுக்கு அடியில் மின்கோடு போட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் உள்ளவை). அடியில் உள்ள திருகுகளைக் கழற்றினால் திறந்துவிடும். தாள்களை டிஸ்டில்டு வாட்டர் (உப்பு நீக்கிய நீர்) தொட்ட துணியால் துடைத்து, மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் உலர்த்துங்கள். சித்திரை வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும். திறக்குமுன் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் திரும்பப் பூட்டும்போது திண்டாட வேண்டாம்.

நெல் விளையும் ஊர்க்காரர்களுக்கு உடனே அரிசி டின் ஞாபகம் வரும். வேண்டாம். அரிசி ஈரத்தை அப்படியொன்றும் இழுக்காது, அதன் மாவுதான் உள்ளே போய் ஒட்டும். நனைந்த போனைக்கூட அரிசியில் போடாதீர்கள் என்றுதான் ஆப்பிள் நிறுவனம் சொல்கிறது.

லேப்டாப்பில் கொட்டினால் நீங்களே திறக்காதீர்கள், கீபோர்டுக்கு அடியிலேயே மதர்போர்டு (கணினியின் முதன்மைப் பலகை) இருக்கும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, கவிழ்த்தபடியே மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு "தண்ணி கொட்டிடுச்சு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சர்க்கரை போட்ட காபி என்று தெரிந்தால்தான் அவர் உலர்த்துவதோடு நிற்காமல் உள்ளே சுத்தமும் செய்வார்.