காணாமல் போன எண்ணெய்

எங்கள் வீட்டில் 1984ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 230இ கார் ஒன்று இருக்கிறது. அதன் வயது என் வயதைப்போல் இரு மடங்கு. லாரி ஓட்டுநராக இருந்த தாத்தா, ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தில் பழைய காராக வாங்கியது. தாத்தா மறைந்த பிறகு அப்பா அதைப் பார்த்துக்கொண்டார்.

1976 முதல் பத்தாண்டுகளில் இந்த வகைக் கார்கள் ஏறத்தாழ 2.7 மில்லியன் தயாரிக்கப்பட்டன. உறுதிக்குப் பேர்போனவை. ஆனால், கடந்த ஆண்டு எங்கள் கார் திடீரென மக்கர் செய்யத் தொடங்கியது. ஒவ்வொரு முறை கியர் மாறும்போதும் பின்னாலிருந்து யாரோ உதைப்பதுபோல் குலுங்கியது. புகைக்குழாயிலிருந்து வெண்புகை கிளம்பியது. தானியங்கி கியர்ப்பெட்டியின் எண்ணெய் வாரத்துக்கு வாரம் குறைந்தது.

ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். காரை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸ் போச்சு, முழுசா பிரிக்கணும், 5,000 ரிங்கிட் ஆகும்" என்றார்கள். யாரும் காருக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பழைய கார் வாங்கும் ஒருவர் 3,500 ரிங்கிட் தருவதாகச் சொன்னார். சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளும்படி அப்பா சொல்லிவிட்டார்.

நான் இயந்திரவியல் டிப்ளோமா மாணவி. வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: பட்டறை சொன்னதை நானும் நம்பினேன். இரண்டு வாரம் எண்ணெய் ஊற்றியதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை.

வியாழக்கிழமை, எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் அங்கிளிடம் இதைச் சொன்னேன். அவர் முப்பது ஆண்டுகள் மெக்கானிக்காக வேலை செய்தவர். "எண்ணெய் குறையுதுன்னு சொல்றியே பாப்பா, தரையில சொட்டுதா?" என்று கேட்டார்.

அன்றிரவு காருக்கு அடியில் அட்டைகளை விரித்து வைத்தேன். காலையில் ஒரு சொட்டுகூட இல்லை.

"அப்ப எங்க போகுது? முதல்ல அதக் கண்டுபிடி" என்றார் அங்கிள்.

அப்போதுதான் வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்தது. இந்தக் காரின் கியர்ப்பெட்டியில் கணினி கிடையாது. இயந்திரம் எவ்வளவு சுமை இழுக்கிறது என்பதை வெற்றிட மாடுலேட்டர் என்ற சிறு பாகம்தான் கியர்ப்பெட்டிக்குத் தெரிவிக்கிறது. அதனுள் ஒரு மெல்லிய ரப்பர் சவ்வு இருக்கும். ஒரு குழாய் அதை இயந்திரத்தின் காற்று உள்ளிழுக்கும் பாதையோடு இணைக்கிறது.

கார் ஓடாமல் நின்று இயந்திரம் மட்டும் மெதுவாக இயங்கும்போது அந்தப் பாதையில் உள்ள அழுத்தம், வெளிக்காற்றின் அழுத்தத்தில் பாதிக்கும் குறைவு. பெடலை மிதித்தால் காற்று உள்ளே பாய்ந்து வெற்றிடம் குறையும். அதற்கேற்பச் சவ்வு நகர்ந்து, கியர் எவ்வளவு அழுத்தத்தோடு மாற வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும்.

சவ்வு கிழிந்தால் இரண்டு கோளாறுகள் வரும். இயந்திரம் எப்போதும் முழுச் சுமையில் இருப்பதாக எண்ணி, கியர்ப்பெட்டி முரட்டுத்தனமாக மாறும். அதோடு, இயந்திரம் அந்தக் குழாய் வழியாகக் கியர் எண்ணெயை உறிஞ்சி எரிக்கும். குலுக்கல், புகை, குறையும் எண்ணெய் ஆகிய மூன்றுக்கும் ஒரே விடை!

கார் குளிர்ந்த பிறகு அதைத் தூக்கி, தாங்கிகளில் நிறுத்தினோம். (ஜேக்கை மட்டும் நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் போகாதீர்கள்.) கியர்ப்பெட்டியின் வலப்பக்கத்தில் இருந்த மாடுலேட்டரின் குழாயைக் கழற்றினேன். உள்ளே காற்று மட்டுமே இருக்க வேண்டிய குழாயிலிருந்து சிவப்பு எண்ணெய் என் மணிக்கட்டில் வழிந்தது. இவ்வளவு மகிழ்ச்சியோடு நான் எண்ணெயில் நனைந்ததே இல்லை.

ஈப்போவில் ஓர் உதிரிபாகக் கடையில் புதிய மாடுலேட்டர் கிடைத்தது. விலை 240 ரிங்கிட். என் பகுதிநேர வேலைச் சம்பளத்தில் வாங்கினேன். ஒரு போல்ட்டையும் பிடிப்புத் தகட்டையும் கழற்றியதும் பழையது வெளியே வந்தது. உள்ளிருக்கும் சிறு ஊசித்தண்டு தவறி விழாமல் பிடித்துக்கொண்டேன். புதிய ரப்பர் வளையம் போட்டு, புதியதைப் பொருத்தினோம். குழாயைத் துடைத்து, வெடித்திருந்த ரப்பர் முனையையும் மாற்றினோம்.

எண்ணெய் அளவு பார்ப்பதிலும் ஒரு பாடம் கற்றேன். எண்ணெய் சூடாகி, கியர் 'பி'யில் இருந்து, இயந்திரம் இயங்கும்போதுதான் பார்க்க வேண்டும். அளவுகோலை நார் உதிராத துணியால் துடைக்க வேண்டும். நுண்ணிய வால்வுகள் நிறைந்த பெட்டிக்கு ஒரு நூலும் பகைதான்.

காரை முடுக்கியதும் மறுபடியும் வெண்புகை! அப்பாவின் முகம் வாடியது. "உள்ள தங்கின எண்ணெய் எரியுது, பொறுங்க" என்றார் அங்கிள். சுங்கை சிப்புட் வரை ஓட்டிப்போய்த் திரும்பியபோது புகை நின்றிருந்தது. கியர் மாறியதே தெரியவில்லை. அப்பா எதுவும் பேசவில்லை. மறுநாள் காலை கார் வாங்க வந்தவரிடம், "விக்கலைங்க" என்று மட்டும் சொன்னார்.

நண்பர்களே, பாகத்தை மாற்ற ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கேள்வி கேட்கத்தான் எனக்கு இரண்டு வாரம் ஆனது. பாடம் என் புத்தகத்திலேயே இருந்தது. தேர்வில் அதற்குச் சரியாக விடையும் எழுதியிருந்தேன். ஆனால், வீட்டு வாசலில் நின்ற காருக்கும் அந்தப் பாடத்துக்கும் தொடர்பு இருக்கும் என்று நினைக்கவே இல்லை.

கைத்தொழில் கல்வி, படிப்பு வராதவர்களுக்கு என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். எஸ்.பி.எம். முடித்து, மலேசியத் திறன் சான்றிதழா, பாலிடெக்னிக்கா என்று யோசிக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான்: எதைத் தேர்ந்தெடுத்தாலும், பழுதான பொருளை மாற்றுவதற்கு முன் அது ஏன் பழுதானது என்று கேளுங்கள். கிழிந்த அந்தச் சவ்வு இன்னும் என் மேசைமேல் இருக்கிறது.